மாஸ்டர் பேரில் போன வேலை

ஆர்டர் இல்லை என்று எந்த முதலாளியும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதலில் ஓவர்டைமை நிறுத்தினார்கள். பிறகு இரவு ஷிப்டை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் காலையில் கொடுக்கும் டீயை நிறுத்தினார்கள். அன்றைக்கே விவரம் தெரிந்தவர்கள் வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் வெட்டு மிஷினுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கயிற்றால் கட்டி, "கூப்பிடறப்ப வாங்க" என்று எல்லோரையும் அனுப்பிவைத்தார்கள். மூடிவிட்டோம் என்றால் கணக்குத் தீர்க்க வேண்டும். கூப்பிடுகிறோம் என்று சொல்ல என்ன செலவு? எங்கேயோ வெளிநாட்டில் சட்டை வாங்குகிறவன் கையை இறுக்கிக்கொண்டான், இங்கே நாலு தெருவில் அடுப்பு இளைத்துப்போயிற்று.

அந்தத் தையல் யூனிட்டில் துணி வெட்டுகிறவரைத்தான் மாஸ்டர் என்பார்கள். துணியை அடுக்கு அடுக்காக மேஜையில் விரித்து, மேலே அளவைக் கோடு போட்டு, மிஷினை ஓட்டினால் ஒரே வெட்டில் நூறு கை, நூறு காலர். நம்முடைய மாஸ்டர் வெட்டினால் துணியில் விரற்கடை வீணாகாது. குனிந்து குனிந்து முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது, மிஷின் சத்தத்தில் வலது காது கொஞ்சம் மந்தம். மற்றபடி ஆள் கம்பீரம்தான். தமாஷாகப் பேசுவார். அவர் வந்தால் டீக்கடையில் பெஞ்சில் இடம் விடுவார்கள்.

யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய துண்டுகளைக் கட்டாகக் கட்டி, அதில் மாஸ்டரின் நம்பரைச் சீட்டாகச் செருகி அனுப்புவார்கள். பிறகு அதை யார் தைத்தாலும், யார் இஸ்திரி போட்டாலும், அது மாஸ்டர் கட்டுதான். நன்றாக வந்தால் மாஸ்டருக்குச் சபாஷ், கோணிக்கொண்டால் மாஸ்டருக்குத் திட்டு. தைத்தவள் யாரென்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தைத்தவளுக்கும் தோன்றியதில்லை.

மாஸ்டர் வெட்டின சட்டைகளுக்கு அவர் மனைவி வீட்டில் இருந்தபடியே காஜா எடுப்பாள். பட்டன் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூலால் கட்டித் தைப்பதுதான் காஜா. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் காஜாக்கா. நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம். பன்னிரண்டாவது வரை படித்தவள், கணக்கில் கெட்டி. அதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின பெருமை. பதினேழு வருஷமாக அவள் எண்ணியதெல்லாம் ஒரு சட்டைக்கு ஏழு ஓட்டை என்பது மட்டும்தான்.

இந்த நேரத்தில் முதலாளிகள் சங்கம் ஒரு தர்மகாரியம் செய்தது. வேலை நின்றவர்களுக்கு வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுக்கிறோம், வாருங்கள் என்றது. பாதிச் சம்பளமாவது கொடுங்கள் என்று கேட்டவர்களுக்கு இது பதில். படிப்பு முடியும்வரை லேப்டாப் இரவல், இரும்புக்கடை மாடியில் சாயங்கால வகுப்பு. மாஸ்டர் பதிந்துகொள்ளப் போனபோது காஜாக்காவும் கூடப் போனாள். தானும் சேரலாமா என்று மேஜைக்குப் பின்னால் இருந்த ஆளைக் கேட்டாள். அவன் எந்த யூனிட் என்றான். வீட்டிலிருந்து காஜா எடுக்கிறேன் என்றாள்.

"அப்ப நீங்க வேலையிலயே இல்லையேம்மா. வேலை போனவங்களுக்குத்தான் கிளாஸ்," என்றான் அவன், மரியாதையாகத்தான்.

இல்லாத வேலை எப்படிப் போகும்? நியாயந்தான். காஜாக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டாள்.

வகுப்பில் மாஸ்டர், இஸ்திரிக்காரர், பேக்கிங் ஆட்கள் என்று எல்லாம் நரை தட்டினவர்கள். வாத்தியார் சின்ன வயசுக்காரன், பேச்சு எக்ஸ்பிரஸ் வண்டி. அவனுக்கு முதல் நாளே 'ஸ்பீடு சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இஸ்திரிக்காரர் பழக்க தோஷத்தில் அழுத்திய அழுத்தில் கீபோர்டில் ஒரு எழுத்தே பிய்ந்து வந்துவிட்டது. முதல் வாரம் முழுக்க மாஸ்டர் இந்தக் கதைகளைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரையும் சிரிக்கவைத்தார். இரண்டாவது வாரம் சிரிப்பு நின்றது. லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, வெயிலில் நிற்கிறவர் மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரையில் சிவப்பாக என்னமோ வரும். தட்டுவார். மறுபடியும் சிவப்பு.

காஜாக்கா பக்கத்தில்தான், யூனிட் நின்றபிறகு தையற்கடைகளில் கேட்டு வாங்கிவந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். ஒருநாள் மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தவள், "மேல ஆரம்பிச்ச மாதிரியே கீழயும் ஒண்ணு முடியணும் போலிருக்கே. இது முடியாம நிக்குது பாருங்க," என்றாள். நூலை ஓட்டினால் கடைசியில் முடிச்சுப் போட வேண்டும், இல்லாவிட்டால் பிரிந்துவிடும் அல்லவா, அந்த நினைப்பில் சொன்னதுதான். மாஸ்டர் அவள் காட்டிய இடத்தில் ஒரு வரி அடித்தார். சிவப்புப் போய் பக்கம் வந்தது. அடி என் ராசாத்தி என்று அவர் கூவினது மழையையும் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது.

அப்படி ஆரம்பித்ததுதான். மாஸ்டர் வகுப்பில் எழுதிக்கொண்டு வந்ததை அவள் வாசிப்பாள். விளங்காததை மகளின் பள்ளிக்கூட அகராதியில் பார்ப்பாள், அதிலும் விளங்காவிட்டால் செய்து பார்ப்பாள். பகலில் மாஸ்டர் யூனிட் வாசலில் போய் நிற்பார்; கூப்பிட்டால் வரச்சொன்னவர்கள் கூப்பிட மறந்துவிட்டால் என்ன செய்வது? அந்த நேரத்தில் காஜாவைச் சீக்கிரம் முடித்துவிட்டு இவள் லேப்டாப்பைத் திறப்பாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்து நெருப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. வீட்டுப் பாடங்களை அவள் செய்வாள், மாஸ்டர் கொண்டுபோய்க் காட்டுவார். மாஸ்டருக்கு அதில் கூச்சமில்லை. கட்டு யார் தைத்தால் என்ன?

படிப்பு முடியும்போது ஆளுக்கொரு வெப்சைட் செய்துகாட்ட வேண்டும் என்றார்கள். சட்டைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று கணக்குப் போடுகிற பக்கம் ஒன்று செய்யலாம் என்று யோசனை சொன்னவர் மாஸ்டர். மார்பளவு, உயரம், கை நீளம், துணியின் அகலம் கொடுத்தால் பதில் வரவேண்டும். கணக்கு அவருடையது, எழுத்து அவளுடையது. முதல் தடவை நாற்பது அங்குல மார்புக்குத் தையலுக்கு இரண்டு சேர்க்கச் சொன்னால் நானூற்று இரண்டு என்று வந்தது. நாற்பதுக்குப் பக்கத்தில் இரண்டை ஒட்டவைத்துவிட்டது அந்த யந்திரம். "ஆனைக்கா சட்டை தைக்கிறோம்?" என்று மாஸ்டர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது எண்ணை எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறது, இது எண் என்று நாம்தான் சொல்ல வேண்டும் என்று அவள் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

உண்மையைச் சொன்னால் அவர்கள் கல்யாணத்தில் அதுதான் நல்ல காலம். மகள் கூட, "நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்ல," என்று கிண்டல் செய்தாள். எல்லாம் முடிந்து, பக்கத்தின் அடியில் செய்தவர் பெயர் போட ஒரு கட்டம் வைத்தாள் காஜாக்கா. யோசிக்கவே இல்லை, மாஸ்டர் பெயரை அடித்தாள். யாரும் சொல்லவில்லை, அவளே செய்தாள். பதினேழு வருஷம் அவள் எடுத்த காஜா எல்லாம் அந்தப் பெயரில்தானே போயிற்று?

தையற்கடைகளுக்கு வேண்டிய கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுக்கிற ஒரு சின்னக் கம்பெனி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டரைக் கூப்பிட்டது. வகுப்பிலேயே அவரை மட்டும்தான் கூப்பிட்டார்கள். தெருவே விசாரித்தது. இஸ்திரிக்காரர் தன் கையால் மாஸ்டருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தார். மாஸ்டருக்கு மட்டும் முகத்தில் களையே இல்லை. புறப்படுகிற அன்று காலையில், "நீயும் வா. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு," என்றார். அவளும் வேறு துணி மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கம்பெனி ஒரு மாடியில் இருந்தது. ஒரே பெரிய அறை, நடுவில் கண்ணாடித் தடுப்பு. மாஸ்டரை உள்ளே கூப்பிட்டார்கள். காஜாக்கா வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே ஏழெட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவள் வயசில் ஒரு பெண், செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் திரையில் சிவப்பாக வந்தது. நகத்தைக் கடித்தாள், ஏதோ மாற்றினாள், போய்விட்டது. இந்த வேலை எனக்கு வேணும் என்று காஜாக்காவுக்கு அப்போது தோன்றியது. தோன்றின கையோடு வெட்கமாகவும் இருந்தது. புருஷன் வேலைக்கு வந்த இடத்தில் இது என்ன ஆசை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் ஆசை போகவில்லை.

உள்ளே ஒரு மேடமும் கூட ஓர் ஆளும் இருந்தார்கள். மாஸ்டர் முதலில் ஜமாய்த்தார். துணி துவைத்தால் சுருங்குமே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்டாள். எந்தத் துணி நூற்றுக்கு எவ்வளவு சுருங்கும், பஞ்சுத்துணி எப்படி, கலப்புத்துணி எப்படி என்று மாஸ்டர் கையை விரித்து விரித்துச் சொன்னார். மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் அந்தச் சுருக்கத்துக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு கட்டம் சேர்த்துக் காட்டுங்கள் என்று லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள்.

மாஸ்டரின் கை கீபோர்டுக்கு மேலேயே நின்றது. யூனிட்டாக இருந்தால் மாஸ்டர் என்ன செய்வார்? காலரை மாற்ற வேண்டுமென்றால் தைக்கிற ஆளைக் கூப்பிடுவார். அதையேதான் இங்கேயும் செய்தார்.

"எங்க வீட்டுக்காரம்மா வெளியதான் இருக்காங்க மேடம். கூப்பிடுங்க, அடிச்சிடுவாங்க," என்றார். துளிக்கூட ஒளிக்காமல் சொன்னார், பாவம்.

காஜாக்கா உள்ளே வந்தாள். என்ன வேண்டும் என்று மேடம் சொன்னதும் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம் அவளுக்கு அங்கே மேடமும் இல்லை, மாஸ்டரும் இல்லை. கட்டம் வைத்தாள், கணக்கை எழுதினாள், எண் என்று சொல்லவேண்டிய இடத்தில் எண் என்று சொன்னாள். தட்டினாள். ஒரு இடத்தில் தப்பு வந்தது. 'ச்சே' என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு திருத்தினாள். பதில் சரியாக வந்தது. மேடம் பக்கத்தில் இருந்த ஆளைப் பார்த்தாள்.

"இதை எழுதினது யாரு?" என்று கேட்டாள்.

காஜாக்கா மாஸ்டரைப் பார்த்தாள். அவருக்கு அப்போதுதான் புரிந்தது, தான் என்ன செய்துவிட்டோம் என்று. முகம் கறுத்து, உதடு காய்ந்து, காது மந்தமானவர் சரியாகக் கேட்காதபோது சிரிப்பாரே, அந்த அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். வெட்டு மிஷினுக்கு உறை போட்ட அன்று இதே முகத்தோடுதான் வீட்டுக்கு வந்தார். அன்றைக்குச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை அவள்தான் எழுப்பிக் கை கழுவவைத்தாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. எழுதினவங்களுக்குத்தான் இந்த வேலை," என்றாள் மேடம். மாஸ்டரைக் கேட்கவில்லை, இவளைத்தான் கேட்டாள்.

கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை காஜாக்காவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அவர்தான் மேடம். அவர் சொன்னதத்தான் நான் அடிச்சேன். எனக்கு என்ன தெரியும்?" என்றாள்.

மேடம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், சரி, கூப்பிடுகிறோம் என்றாள். கூப்பிடுகிறோம் என்றால் என்ன என்று அந்த இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பஸ்ஸில் மாஸ்டர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். தன்னைக் காப்பாற்றினவளிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று காஜாக்கா காத்திருந்தாள். அவர் சொன்னது வேறு. நீ அத்தனை வேகமாக அடித்திருக்கக் கூடாது, என்னைக் கேட்டுக் கேட்டு அடித்திருந்தால் அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்காது என்றார். காஜாக்கா டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டே வந்தாள்.

தெருமுனையில் இஸ்திரிக்காரர் காத்திருந்தார். என்ன ஆச்சு மாஸ்டர் என்று ஆசையாகக் கேட்டார். காஜாக்கா முன்னால் நடந்து வீட்டுக்குள் போய்விட்டாள். ஆனால் சுவர் என்ன சுவர், ஒற்றைக்கல் சுவர். மாஸ்டர் தாழ்வாகத்தான் சொன்னார். காது மந்தமானவர்களுக்குத் தாழ்வு எது என்று தெரியாது.

"கிடைச்ச மாதிரிதான்யா இருந்துச்சு. இவ உள்ள வந்து கெடுத்துட்டா."

மகள் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டாள். நடந்ததை அம்மாவிடம் துருவித் துருவி விசாரித்துத் தெரிந்துகொண்டாள். பதினாலு வயசுக்கு உலகம் நேர்கோடு. எழுதினது நீதானே, நான்தான் எழுதினேன் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று பொரிந்தாள்.

"சொல்லிட்டு, அப்புறம் அதே பஸ்ல அவரோட எப்படி வீட்டுக்கு வர்றது?" என்றாள் காஜாக்கா.

மாஸ்டர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருந்தால் கதை சுலபம். ஒரு நாளும் கையை ஓங்கினவர் இல்லை. மகள் பிறந்தபோது ஜுரத்தில் கிடந்த இவளுக்கு ஒரு மாசம் சமைத்துப்போட்ட மனுஷன். தெருவில் போகும்போது தலை நிமிர்ந்து போகவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இதையெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் காஜாக்கா இரண்டு நாளை ஓட்டினாள். மாஸ்டரும் பழையபடி தமாஷ் பேசப் பார்த்தார். லேப்டாப்பை வகுப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இது நமக்கு ஒத்துவராது என்றார். நமக்கு என்று அவர் சொன்னதை அவள் கவனித்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், வெயில் தகரத்தில் ஏறி அறை கொதித்துக்கொண்டிருந்தது. காஜாக்கா பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். மாஸ்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. காதுக்காக அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அந்த மேடத்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது. சுற்றி வளைக்காமல் பேசினாள். உங்கள் மனைவியோடு பேசவேண்டும், அவர்களுக்குத் தனியாக ஒரு டெஸ்ட் வைக்கலாம் என்று நினைக்கிறோம், நாளைக்கு அவர்களால் வரமுடியுமா என்றாள்.

காஜாக்காவின் கையில் மத்து நின்றுவிட்டது. சந்தோஷம் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, அவளுக்குப் பழக்கமில்லை. ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து, கையை நீட்டினாள்.

மாஸ்டர் நீட்டின கையைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துப் பேசினார்.

"அவளே உங்க எதிர்ல சொன்னாளே மேடம், நான் சொன்னதத்தான் அடிச்சேன்னு. அவளுக்கு என்ன மேடம் தெரியும்?"

அவங்ககிட்ட ஒரு தடவை கொடுங்களேன் என்று மேடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் போனை அணைத்தார். காஜாக்கா நீட்டின கையை இன்னும் மடக்கவில்லை.

"நம்பரைக் குடுங்க," என்றாள்.

அவர் விரலால் ஏதோ தேய்த்தார். அழித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. லேப்டாப்பில் எத்தனை அழித்திருப்பாள், அந்த விரல் அசைவு தெரியாதா?

"என்னை வேணாம்னு சொன்ன இடத்துக்கு நீ எதுக்குப் போகணும்? நாளைக்குத் தெருவுல நான் எப்படி நடக்கறது?" என்றார் மாஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார்.

கம்பெனி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எந்த பஸ், எந்த மாடி என்பதும் தெரியும். ஆனால் போய் நின்றால் மேடம் முதலில் எதைக் கேட்பாள் என்பதும் தெரியும். அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா? எதைச் சொன்னாலும் அவள் பொய்க்காரிதான். பொய் சொன்னது அவருக்காக. அதை எடுத்து அவள் தலையிலேயே போட்டவரும் அவர்தான்.

கோபம் அவளுக்குப் பழக்கம். வருத்தமும் பழக்கம். பதினேழு வருஷத்தில் இரண்டும் எத்தனையோ தடவை வந்து போயிருக்கின்றன. அன்றைக்கு வந்தது வெறுப்பு. எதிரே உட்கார்ந்திருந்த மனுஷனின் வளைந்த முதுகைப் பார்த்தாள், மந்தமான காதைப் பார்த்தாள். எப்போதும் வருகிற இரக்கம் வரவில்லை. வரும் என்று நின்று பார்த்தாள். வரவேயில்லை.

மாஸ்டர் தட்டைத் தானே எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். அவள் சோற்றைப் போட்டாள், பருப்பை ஊற்றினாள். அவர் தலை நிமிராமல் பிசைந்து சாப்பிட்டார்.

"பருப்பு இன்னைக்கு நல்லாருக்கு," என்றார்.

காஜாக்கா இன்னொரு கரண்டி ஊற்றினாள்.